புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு

அப்பாவின் பயாப்ஸி முடிவு வந்த அன்று இரவு அக்காவை வீடியோ காலில் அழைத்தேன். அவள் பெங்களூரில், நான் சென்னையில், அப்பாவும் அம்மாவும் திருச்சியில். ரிப்போர்ட்டில் இருந்த வரிகளை அப்படியே படித்துக் காட்டினேன். படித்து முடித்துத் தலையைத் தூக்கியபோது திரையில் அக்காவின் முகம் எதுவுமே நடக்காதது போல இருந்தது. நெற்றி வழவழவென்று. புருவம் இருந்த இடத்திலேயே. "சரி, அடுத்து என்ன பண்ணணும்னு டாக்டர் சொன்னார்?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு அம்மாவுக்கு போன் போட்டு, "அவளுக்கு ஒண்ணுமே ஆகலம்மா, ஏதோ ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்து கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டிருந்தா" என்றேன்.

இரண்டு நாள் அந்தக் கோபம் இருந்தது. மூன்றாம் நாள் மாமா அழைத்தார். "மாப்ள, உங்க அக்கா ரெண்டு நாளா தூங்கல. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வர்றா. நீ கொஞ்சம் பேசு." பேசினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவளே சொன்னாள்: "டேய், பத்து நாள் முன்னாடிதான் போடாக்ஸ் போட்டேன். நெத்திதான்டா சுருங்கல. மத்ததெல்லாம் சுருங்குச்சு."

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் அந்த வாக்கியம் தொண்டையில் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் ஒரு முகத்தை நான் தப்பாகப் படித்திருக்கிறேன். அதுவும் படிக்கவே தேவையில்லாத ஒரு இரவில்.

*

இந்தக் குழப்பத்தோடுதான் கொராலி ஃபார்ஜாவின் 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். 2024இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது வாங்கிய படம். வெளிவந்த காலத்தில் முதல் முறை பார்த்துவிட்டு நண்பர்கள் எல்லோரிடமும் "பாத்தே ஆகணும்" என்று சொல்லித் திரிந்தேன். இளமைக்காக ஊசி போட்டுக்கொள்ளும் உலகத்தை இதைவிட மூர்க்கமாக யாரும் காட்டியதில்லை என்று நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது அந்த மூர்க்கத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது.

கதை எளிமையானது. எலிசபெத் ஸ்பார்க்கிள் (டெமி மூர்) ஒரு காலத்தில் பெரிய நட்சத்திரம். இப்போது தொலைக்காட்சியில் ஏரோபிக்ஸ் நிகழ்ச்சி நடத்துகிறார். ஐம்பதாவது பிறந்தநாளன்று வேலை போகிறது. ரகசியமாக ஒரு மருந்து அவருக்கு அறிமுகமாகிறது. அதை ஊசியில் ஏற்றிக்கொண்டால் முதுகைப் பிளந்துகொண்டு உள்ளிருந்து இளமையான இன்னொருத்தி வெளியே வருவாள். அவள் பெயர் சூ (மார்கரெட் குவாலி). ஏழு நாள் இவள், ஏழு நாள் அவள். ஒருத்தி நடமாடும்போது மற்றவள் குளியலறைத் தரையில் கிடப்பாள். சூ நிலையாக இருக்க வேண்டுமென்றால் தினமும் எலிசபெத்தின் முதுகுத்தண்டிலிருந்து திரவம் எடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். கணக்கு மீறினால் விலையைக் கொடுப்பது எலிசபெத்தின் உடம்பு. முதலில் ஒரு விரல் மட்டும் கிழடாகிறது.

படம் மிகச் சரியாகப் பிடித்திருக்கும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது அந்த மருந்தின் பேக்கேஜிங். ஒரு பெட்டி, பெரிய எழுத்தில் எண்ணிட்ட பைகள், இரண்டு வரிக்கு மேல் போகாத அறிவுறுத்தல். எந்தச் சந்தேகத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லும் தொலைபேசிக் குரல். தீர்ந்தால் லாக்கரில் அடுத்த பெட்டி. மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது தெரிந்த உலகம். எங்கள் துறையில் பொருளை விற்பதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. புதுப்பித்தலைத்தான் விற்கிறோம். போடாக்ஸும் அப்படித்தான். மூன்று நான்கு மாதத்தில் அதன் வேலை முடிந்துவிடும், மறுபடியும் போக வேண்டும். அதைத் தயாரித்த அலர்கன் நிறுவனத்தை 2020இல் ஆப்வீ என்ற பெரிய மருந்து நிறுவனம் வாங்கியது. வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்பதையும் சேர்த்துத்தான் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு விலை போடுகிறார்கள். எலிசபெத்தின் துயரத்தை ஒரு சந்தா ஒப்பந்தமாக எழுதியது ஃபார்ஜாவின் மிகக் கூர்மையான கண்டுபிடிப்பு.

ஆனால் ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்ட படம், அதில் கையெழுத்துப் போடுகிறவளைப் புரிந்துகொண்டதா?

*

இதற்குப் பதில் தேட, நிஜ ஊசியின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த நஞ்சை முதலில் விரிவாக எழுதிவைத்தவர் ஒரு கவிஞர். ஜஸ்டினஸ் கெர்னர், ஜெர்மானிய ரொமாண்டிக் மரபைச் சேர்ந்தவர், தொழிலால் மருத்துவர். அவர் கவிதைகளுக்கு ஷூமன் இசையமைத்திருக்கிறார். கெட்டுப்போன சாசேஜ் தின்று செத்தவர்களைப் பற்றி 1820களின் தொடக்கத்தில் எழுதினார். நஞ்சைத் தானே கொஞ்சம் உட்கொண்டும் பார்த்தார். அடங்காமல் துடிக்கும் நரம்புகளை அமைதிப்படுத்த ஒரு நாள் இது மருந்தாகலாம் என்றும் ஊகித்தார். வயதான காலத்தில் அவருக்குக் கண் மங்கியது. எழுதும் தாளில் மை சிந்தும். அந்தத் தாளை மடித்துப் பிரித்து, விழுந்த கறைகளில் முகங்களைக் கண்டுபிடித்து, கூடவே கவிதை எழுதுவார். முகத்தை அசையாமல் ஆக்கும் நஞ்சைப் பதிவுசெய்த அதே மனிதர், வெறும் கறையில்கூட முகத்தைப் படித்தார் என்பது எனக்கு விநோதமாக இருக்கிறது.

அந்த நஞ்சு மருந்தானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணுக்கு இதைப் பயன்படுத்தினார். 1989இல் மாறுகண்ணுக்கும் கண் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதற்கிடையில் 1987வாக்கில் கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவர் கோபித்துக்கொண்டார். இந்த முறை புருவத்துக்கு நடுவே ஏன் போடவில்லை என்று கேட்டார். அங்கே துடிப்பு இல்லையே என்றார் மருத்துவர். அங்கே போட்டால்தான் தன் முகம் கவலையில்லாமல் அழகாக ஆகிறது என்றார் அந்தப் பெண். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். 2002இல் புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி வந்தது. மிச்சம் நமக்குத் தெரியும்.

அந்தப் பெண் கேட்டது என்ன என்று கவனியுங்கள். இளமையை அவர் கேட்கவில்லை. கவலை தெரியாத முகத்தைக் கேட்டார்.

மருந்து வேலை செய்யும் விதமும் இதைத்தான் சொல்கிறது. நரம்பு நுனியில் செய்தியை வெளியே அனுப்ப உதவும் ஒரு புரதத்தை இது வெட்டிவிடுகிறது. மூளை "சுருங்கு" என்று சொல்கிறது. நரம்பு அதைக் கடைசி வரை கொண்டுவருகிறது. தசையும் தயாராக இருக்கிறது. நடுவில் செய்தி மட்டும் கைமாறுவதில்லை. எங்கள் மொழியில் சொன்னால் இரண்டு சர்வரும் ஓடுகின்றன, மெசேஜ் டெலிவரி ஆகவில்லை. ஃபில்லர் வேறு சாதி. ஹையலூரானிக் அமிலத்தை ஜெல்லாக ஆக்கிக் குழி விழுந்த கன்னத்திலும் உதட்டோரத்திலும் நிரப்புவது. நிரப்புவதும் நிறுத்துவதும் வேறு வேறு செயல்கள். 'தி சப்ஸ்டன்ஸ்' முழுக்க நிரப்பலின் கற்பனை. ஒரு உடம்புக்குள் இன்னொரு உடம்பு, அதிகம், இன்னும் அதிகம். நிறுத்துதல் என்ற அமைதியான காரியம் அதன் கண்ணில் படவே இல்லை.

*

அக்காவுக்கு நாற்பத்தொன்று. மனிதவளத் துறையில் இருக்கிறாள். வேலை முழுக்க வீடியோ கால். ஏன் போட்டுக்கொண்டாள் என்று, எல்லாம் ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"காலைல நல்லாத் தூங்கி எந்திரிச்சு, தலைக்குக் குளிச்சு, காபி குடிச்சுட்டு கால்ல உக்காருவேன். எவனாவது 'மேடம், ஆர் யூ ஓகே? டயர்டா இருக்கீங்களே'ம்பான். ஒருத்தருக்கு ஹைக் எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருப்பேன், 'என்ன மேடம், கோவமா?'ம்பாங்க. ஒரு பொண்ணு ராஜினாமா பண்றப்போ 'நீங்க என்னைப் பாத்து மொறைச்சுக்கிட்டே இருந்தீங்க'ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனா. நான் அவ சொன்னதை யோசிச்சுக்கிட்டிருந்தேன்டா."

ஹார்வி என்றொரு கதாபாத்திரம் படத்தில் உண்டு. எலிசபெத்தை வேலையை விட்டுத் தூக்கும் தயாரிப்பாளர். டென்னிஸ் குவெய்ட் நடித்திருக்கிறார். கேமரா அவர் வாய்க்குள்ளேயே போய்விடும் போல நெருங்கி, அவர் இறாலைப் பிய்த்துத் தின்பதைக் காட்டும். ஆணின் பார்வையைத் தின்னும் வாயாக மாற்றியது வலுவான உருவகம்தான். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. அவ்வளவு அருவருப்பான ஒருவரைக் காட்டிவிட்டால், பார்க்கிற நாம் யாரும் ஹார்வி இல்லை என்று நிம்மதியாக உட்காரலாம். அக்காவின் வாழ்க்கையில் ஹார்வி கிடையாது. "டயர்டா இருக்கியா?" என்று அன்பாகக் கேட்டவர்கள்தான் உண்டு. அதில் நானும் ஒருவன். ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன்.

டார்வின் 1872இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். புருவத்தை நெரிக்கும் தசையைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது. புருவம் நெரிப்பது கோபத்தின் அடையாளம் என்று மட்டும் அவர் விட்டுவிடவில்லை. யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு சிக்கல் குறுக்கிட்டால் புருவம் நெரிகிறது என்கிறார். துக்கத்தின்போது புருவத்தின் உள்முனைகள் உயர்வதிலும் இதே தசைக்குப் பங்கு உண்டு என்கிறார். ஆக ஒரே தசை: சிந்தனைக்கும் துக்கத்துக்கும் கோபத்துக்கும். மேலே கோடு ஒன்றுதான், அர்த்தம் மூன்று. எதைப் படிப்பது என்பது படிப்பவர் கையில் இருக்கிறது.

எனக்கும் அந்தக் கோடு இருக்கிறது. பதினான்கு வருடம் பிழை தேடித் தேடி விழுந்த கோடு. என் மேனேஜர் ஒருமுறை மீட்டிங்கில், "அவரைப் பாருங்க, எவ்ளோ டீப்பா யோசிக்கிறாரு" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நிஜத்தில் நான் மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். என் கோட்டுக்குச் சிந்தனை என்று பொருள். அக்காவின் கோட்டுக்குச் சிடுசிடுப்பு என்று பொருள். வாசகர்கள் இப்படி இருக்கும்போது பிரதியை அழித்துவிடுவது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. அமெரிக்க மருந்துக் குறிப்பு அந்த இடத்துக்குச் சொல்லும் அளவு ஐந்து புள்ளிகளில் தலா 4 யூனிட், மொத்தம் 20. தன்னைத் தப்பாகப் படிக்கிறவர்களை ஒவ்வொருவராகத் திருத்துவதைவிட அது சுலபம்.

'தி சப்ஸ்டன்ஸ்' மீதான என் முதல் குறை இதுதான். ஊசி போட்டுக்கொள்கிறவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருக்க முடியும் என்று அது நம்புகிறது: மறுபடியும் ஆசைப்படப்பட வேண்டும். தப்பாகப் படிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்ற சின்ன, நியாயமான, அலுத்துப்போன ஆசைக்கு அதில் இடமில்லை.

*

இடமில்லை என்று முழுதாகச் சொல்லிவிடவும் முடியாது. ஒரு காட்சி இருக்கிறது.

எலிசபெத்துடன் பள்ளியில் படித்த ஃப்ரெட் என்பவர் அவரைத் தெருவில் சந்திக்கிறார். இன்னும் நீதான் அழகி என்கிறார், நம்பர் எழுதித் தருகிறார். பொய்யில்லாத மனிதர். ஒரு இரவு எலிசபெத் அவரைச் சந்திக்கத் தயாராகிறார். கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே சூவின் பிரம்மாண்ட விளம்பரப் பலகை. திரும்பக் கண்ணாடிக்குப் போகிறார். கழுத்தை மறைத்துக்கொள்கிறார். மறுபடி கிளம்புகிறார், கதவின் குமிழில் தன் முகம் கோணலாகத் தெரிகிறது. மறுபடி கண்ணாடி. இன்னும் கொஞ்சம் பூச்சு. கடைசியில் கையால் முகத்தைத் தேய்க்கத் தொடங்குகிறார். உதட்டுச்சாயம் கன்னமெல்லாம் ஈஷிக்கொள்ள, தோலையே உரித்தெடுப்பது போலத் தேய்க்கிறார். பிறகு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். போனில் ஃப்ரெட்டின் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன.

ரத்தம் இல்லை, பிதுங்கும் சதை இல்லை. அறுபதை ஒட்டிய ஒரு நடிகையின் முகம் மட்டும். டெமி மூரின் புருவம் முதலில் லேசாக நெரிகிறது, அவர் கணக்குப் போடுகிறார். பிறகு அதே நெரிப்பு சந்தேகமாகிறது. பிறகு துக்கம். பிறகு வெறுப்பு. டார்வின் சொன்ன மூன்றும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து வந்துபோகின்றன. அசையும் முகம் ஒன்று இருந்தால்தான் இந்தக் காட்சியை எடுக்கவே முடியும். சுருக்கத்துக்கு எதிரான மருந்தைப் பற்றிய படம், தன் மிகச் சிறந்த இரண்டு நிமிடங்களுக்குச் சுருக்கத்தை நம்பித்தான் நிற்கிறது. இதை ஃபார்ஜா அறிந்தே செய்திருப்பார் என்று நினைக்கிறேன். கண்ணாடி முன் நிற்கும் எலிசபெத்துக்கு முதல் தப்பான வாசகி அவளேதான் என்பதையும்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. கல்லூரியில் இயந்திரவியல் படித்த எனக்கு அது பின்னாளில்தான் அறிமுகம். உள்ளே நிகழ்வது மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படுவதால் மெய்ப்பாடு. அங்கே இன்னொரு நிபந்தனை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்பில் பட்டால் மட்டும் போதாது, அதைக் காண்கிற இன்னொருவர் வேண்டும். கண்ணாடிக் காட்சியில் மெய்ப்பாடுகள் வரிசையாக வந்துபோகின்றன. காண்பதற்கு ஃப்ரெட் அங்கே இல்லை. நாம் மட்டும் இருக்கிறோம்.

*

அதற்குப் பிறகு படம் இந்த முகத்தைக் கைவிடுகிறது. எலிசபெத் கூன் விழுந்த கிழவியாகிறாள், முடி கொட்டுகிறது. கடைசி அரைமணி நேரத்தில் இருவரும் சேர்ந்த ஒரு சதைக் குவியல் மேடையேறி, பார்வையாளர் மீது ரத்தத்தைப் பீய்ச்சுகிறது. ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது, தகுதியானதுதான். இந்தக் கொடூரம் முழுக்கக் கற்பனையும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரஃபின் மெழுகை முகத்தில் ஏற்றினார்கள். பின்னாளில் மார்ல்பரோ சீமாட்டியான கிளாடிஸ் டீக்கன், இருபதுகளின் தொடக்கத்தில் கிரேக்கச் சிலை போன்ற மூக்கு வேண்டும் என்று மெழுகு ஏற்றிக்கொண்டார். அது இறங்கித் தாடைக்கு வந்தது. ஊசியும் உருகுதலும் வரலாற்றில் நிஜமாகவே சேர்ந்திருக்கின்றன.

என் மனத்தடை வேறு இடத்தில். சூவின் உடம்பை ரசிக்கவைத்த அதே கேமரா, கிழவியின் உடம்பைப் பார்த்து நம்மைக் கூச்சலிட வைக்கிறது. முதுமையைக் கண்டு அஞ்சும் சமூகத்தைக் கிண்டல் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, முதுமையைப் பேயாகக் காட்டிப் பயமுறுத்துகிறது. பயம் வேலை செய்கிறது. இந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒருத்தி தன் கழுத்துச் சுருக்கத்தோடு சமாதானமாக வருவாளா, கிளினிக்குக்கு போன் போடுவாளா?

கடைசிப் பிம்பம் மட்டும் மீட்கிறது. எல்லாம் சிதறிய பிறகு எலிசபெத்தின் முகம் மட்டும் மிஞ்சி, நடைபாதையில் பதித்திருக்கும் தன் பெயர் பொறித்த நட்சத்திரம் வரை ஊர்ந்துபோய், வானத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு உருகுகிறது. உடம்பின் மீது இவ்வளவு காழ்ப்பைக் கொட்டிய படம், போகும்போது முகத்திடம் திரும்பி வருகிறது. மறுநாள் காலை யாரோ அந்தக் கறையைச் சுத்தம் செய்கிறார்கள். கெர்னராக இருந்தால் அதில் ஒரு முகத்தைப் படித்திருப்பார்.

*

டேவிட் நீல், தான்யா சார்ட்ரண்ட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. போடாக்ஸ் போட்டவர்களையும் ஃபில்லர் போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். கண்களை மட்டும் காட்டும் படங்களிலிருந்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் போடாக்ஸ் போட்டவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். மற்றவர் முகத்தை நம் முகத்தில் லேசாக நடித்துப் பார்த்துத்தான் நாம் புரிந்துகொள்கிறோம் என்பது அவர்கள் விளக்கம். மாதிரி சிறியது, வித்தியாசமும் சிறியது. அதை வைத்து யாரையும் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல முடியாது.

அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். "நீ ஊசியே போடலையேடா. உனக்கு ஏன் புரியல?"

பதில் இல்லை. அந்த இரவை மறுபடி யோசித்துப் பார்க்கிறேன். "சரி" என்பதற்கும் "அடுத்து என்ன பண்ணணும்" என்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. சின்ன வயதில் அப்பா திட்டும்போது செய்வது போல நைட்டியின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், அது திரையின் ஓரத்தில் தெரிந்தது. எல்லாமே இருந்தன. நான் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் நான்காவது மாதம். மருந்து இறங்கத் தொடங்கியிருக்கும். நேற்று பேசும்போது, அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் சர்க்கரையைக் குறைக்கும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் புருவங்களுக்கு நடுவே அந்தக் கோடு மெல்ல எட்டிப் பார்த்தது. மறுபடி போடப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. டயர்டா இருக்கியா என்றும் கேட்கவில்லை.